வங்கிக்கு எது சொந்த ஊர்?

சட்டக் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஆறு, ஒரே முடிச்சைச் சுற்றி வந்திருக்கின்றன: அமெரிக்காவில் ஒரு வங்கியோடு வழக்கு என்றால் எந்த நீதிமன்றப் படியில் ஏறுவது? பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் அங்கே அனுப்பிவிட்டு இங்கே கவலைப்படும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டதால், இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நான் வழக்கறிஞர் இல்லை. இங்கே சிங்கப்பூரில், ராபின்சன் ரோட்டில் ஒரு சட்ட அலுவலகத்தில் 28 ஆண்டுகள் எழுத்தராக இருந்து, வங்கிக் கோப்புகளோடு வாழ்ந்தவள். அமெரிக்க வழக்கறிஞர்களுக்குப் போகும் கடிதங்களும் அங்கிருந்து வரும் ஆவணங்களும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். இங்கே சொல்வது பொதுவான விளக்கம். வழக்கை நடத்த அந்தந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவரைத்தான் நாட வேண்டும்.

கேள்வி: என் தங்கை ஹியூஸ்டனில் 17 ஆண்டுகளாக இருக்கிறாள், அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். கட்டிய தவணையைக் கட்டவில்லை என்று காட்டி, வங்கி அவள் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தது. ஊர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தாள். மூன்றே வாரத்தில் வங்கி, 'நாங்கள் வேறு மாநிலக் குடிமகன்' என்று சொல்லி வழக்கைக் கூட்டரசு நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டது. அந்த வங்கியின் கிளை தங்கை வீட்டுத் தெருமுனையில் இருக்கிறது. கடன் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டதே அங்கேதான். அது எப்படி வேற்று மாநிலக் குடிமகன் ஆகும்? இது ஏமாற்று வேலை இல்லையா?
— ஒரு வாசகி, செங்காங்

பதில்: நீங்கள் அனுப்பிய நகலைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அம்மா. மொத்தம் ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் மேல் விளிம்பிலும் வழக்கு எண், ஆவண எண், தாக்கலான தேதி என்று ஒற்றை வரி. உங்கள் தங்கை சிவப்பு மையில் கோடு போட்டிருப்பது வட்டியைப் பற்றிய பத்தியில். என் கண் நின்றது அதற்கு முந்தைய பத்தியில். அதில் இரண்டே வாக்கியங்கள்: வாதி டெக்சாஸ் குடிமகள், பிரதிவாதி ஒரு தேசிய வங்கி, அதன் அமைப்பு விதிகளில் குறித்துள்ள தலைமை அலுவலகம் வேறொரு மாநிலத்தில் இருப்பதால் அந்த மாநிலத்தின் குடிமகன். வழக்கை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நகர்த்தியவை இந்த இரண்டு வாக்கியங்கள்தாம்.

ஏமாற்று வேலை இல்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஏன் அப்படி இருக்கிறது என்பது தெரிந்தால் உங்கள் தங்கைக்கு எங்கே பிடி இருக்கிறது, எங்கே இல்லை என்பதும் தெரிந்துவிடும். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் பெரியவர்களிடம் 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்டுப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளாகத் தோ பாயோவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர், சற்றும் யோசிக்காமல் 'மன்னார்குடி' என்பார். கேள்வி கேட்டவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். இருக்கும் இடம் வேறு, ஊர் வேறு. அமெரிக்கச் சட்டம் மனிதர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது இருக்கும் இடத்தைப் பார்க்கிறது: இனி இங்கேதான் வாழ்வேன் என்று எந்த மாநிலத்தில் வேரூன்றியிருக்கிறாரோ, அந்த மாநிலத்தின் குடிமகன். உங்கள் தங்கை டெக்சாஸ்காரி ஆனது அப்படித்தான். வங்கியிடம் அதே கேள்வியைக் கேட்கும்போது மட்டும், மன்னார்குடிக்காரரின் பதிலை ஏற்றுக்கொள்கிறது.

மாநிலம் மாநிலமாகக் குடிமக்களைப் பிரிப்பது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் இரண்டு வரிசை நீதிமன்றங்கள் அக்கம்பக்கமாக இயங்குகின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தன் நீதிமன்றங்கள் உண்டு. அவற்றுக்கு இணையாக நாடு முழுவதும் கூட்டரசு நீதிமன்றங்கள் உண்டு. சாதாரண ஒப்பந்த வழக்கு மாநில நீதிமன்றத்துக்குரியது. ஆனால் வெளிமாநிலத்தான் ஒருவன் உள்ளூர் நீதிபதி முன்னும் பொதுமக்களிலிருந்து அழைக்கப்படும் உள்ளூர் நடுவர்கள் (ஜூரி) முன்னும் நிற்கும்போது, உள்ளூர்க்காரனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சாய்ந்துவிடுமோ என்ற அச்சம் அந்த நாடு பிறந்த நாளிலிருந்தே இருந்தது. அதனால் அரசியலமைப்பிலேயே இடம் வைத்து, 1789-இல் இயற்றிய நீதித்துறைச் சட்டத்தில், வெவ்வேறு மாநிலக் குடிமக்களுக்கு இடையிலான வழக்கைக் கூட்டரசு நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றார்கள். அன்றைக்கு வழக்கின் தொகை 500 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். இன்றைக்கு 75,000 டாலருக்கு மேல். 1806-இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு கட்டும் போட்டது: வாதிகள் பக்கத்தில் ஒருவரும் பிரதிவாதிகள் பக்கத்தில் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருந்தால் போதும், இந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

மனிதர்களுக்கு இது எளிது. வங்கிக்கு? இந்தக் கேள்வி புதிதல்ல, அம்மா. ஜார்ஜியா மாநிலம் 1805-இல் வங்கிகள் மீது ஒரு வரி விதித்தது. பிலடெல்ஃபியாவைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க ஐக்கிய நாடுகள் வங்கிக்குச் சவன்னா நகரில் ஒரு கிளை இருந்தது. அது வரி கட்ட மறுத்தது. 1807-இல் வரி வசூலிப்பவர்கள் கிளைக்குள் நுழைந்து, வெள்ளிப் பணம் இருந்த இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வங்கி கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. 'உங்களுக்கு இங்கே வர உரிமை உண்டா?' என்று கேள்வி எழுந்தது. 1809-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், ஒரு நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத, செயற்கையான ஒன்று, அது தானாகக் குடிமகன் ஆக முடியாது, அதன் பின்னால் இருக்கும் மனிதர்கள் எந்த மாநிலத்தவர் என்று பார்க்க வேண்டும் என்றார். பங்குதாரர்கள் பென்சில்வேனியா குடிமக்கள் என்று வங்கி சொல்லியிருந்தது, வழக்கு நின்றது.

பங்குதாரர்கள் ஆயிரக்கணக்கில் பெருகியதும் அந்த வழி ஓடவில்லை. 1844-இல் நிறுவனத்தை அது பதிவு செய்யப்பட்ட மாநிலத்தின் குடிமகனாகவே நடத்தத் தொடங்கினார்கள். 1958-இல் நாடாளுமன்றம் இரண்டாவது ஊரையும் சேர்த்தது: பதிவான மாநிலம் ஒன்று, முதன்மையாகத் தொழில் நடக்கும் மாநிலம் இன்னொன்று. ஆக, சாதாரண நிறுவனத்துக்கு இரண்டு ஊர். மாநில உரிமம் பெற்ற வங்கிக்கும் இதே கணக்குத்தான்.

தேசிய வங்கியின் சங்கதி வேறு. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பது எந்த மாநிலமும் இல்லை, கூட்டரசு. 1863, 1864 ஆண்டுகளில், உள்நாட்டுப் போரின் நடுவே பிறந்த வங்கி முறை இது. கூட்டரசு பெற்ற பிள்ளை என்ற ஒரே காரணத்தால் இந்த வங்கிகள் 1882 வரை கூட்டரசு நீதிமன்றத்துக்குத் தாராளமாகப் போய்வந்தன. அந்த ஆண்டு அந்தச் சலுகை பறிக்கப்பட்டது. பிற்பாடு, தேசிய வங்கிகள் 'அமைந்துள்ள' மாநிலங்களின் குடிமக்களாகக் கருதப்படும் என்று சட்டம் ஆக்கினார்கள். அந்தச் சொல் இன்றும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. எழுதிய காலத்தில் அதில் குழப்பமே இல்லை. அப்போது தேசிய வங்கி என்றால் பெரும்பாலும் ஓர் ஊர், ஒரு கட்டடம், ஒரு பெட்டகம். மாநிலம் தாண்டித் தாராளமாகக் கிளை பரப்ப 1994-ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. அதன் பிறகு ஒரே வங்கி இருபது, முப்பது மாநிலங்களில் 'அமைந்து'விட்டது. பழைய சொல்லுக்குள் புதிய வங்கி அடங்கவில்லை.

உங்கள் கேள்வியை அப்படியே கேட்ட ஒரு நீதிமன்றம் இருந்தது என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். தென் கரோலினாவில் சிலர், வரி சேமிப்புத் திட்டம் ஒன்றில் தங்களை ஏமாற்றிச் சேர்த்ததாக வக்கோவியா வங்கி மீது மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வங்கி, இது நீதிமன்றத்துக்கு வெளியே தனி நடுவர் தீர்வுக்கு (ஆர்பிட்ரேஷன்) போக வேண்டியது என்று கூட்டரசு நீதிமன்றத்தில் தனியே மனுப் போட்டது. வங்கியின் தலைமை அலுவலகம் வட கரோலினாவின் சார்லட் நகரில். கீழ் நீதிமன்றத்தில் யாருக்கும் ஐயம் எழவில்லை. மேல்முறையீட்டில்தான் நீதிபதிகள் நிறுத்திக் கேட்டார்கள்: தென் கரோலினாவில் கிளைகள் இருக்கின்றனவே, அங்கேயும்தானே வங்கி அமைந்திருக்கிறது? அப்படியானால் அதுவும் தென் கரோலினாக் குடிமகன்தானே? அந்த அமர்வின் பெரும்பான்மை ஆம் என்றது. அதுவரை நடந்த விசாரணையே செல்லாது என்றாகிவிட்டது.

2006 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். பங்கேற்ற எட்டு நீதிபதிகளும் ஒரே மனதாக இருந்தார்கள். தேசிய வங்கி, தன் அமைப்பு விதிகளில் தலைமை அலுவலகம் என்று குறித்துள்ள இடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்தின் குடிமகன். கிளை இருக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் குடிமகன் என்றால், மற்ற நிறுவனங்களுக்கு ஓரிரு ஊர் இருக்கும்போது தேசிய வங்கிக்கு மட்டும் நாடெங்கும் ஊர் இருக்கும். கூட்டரசு நீதிமன்றக் கதவு அதற்கு ஏறக்குறைய அடைபட்டுவிடும். அப்படி ஒரு பாகுபாட்டை நாடாளுமன்றம் நினைத்ததற்கு ஆதாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

பிறகு அடுத்த கேள்வி வந்தது. தலைமை அலுவலகம் என்று எழுதி வைத்த ஊர் ஒன்று, உண்மையில் தொழில் நடக்கும் ஊர் இன்னொன்று என்றால்? வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் தொழில் மையம் கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ. அமைப்பு விதிகளில் உள்ள தலைமை அலுவலகம் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ். கலிஃபோர்னியாக்காரர்கள் தொடுத்த வழக்கில், 2014-இல் பல மாநிலங்கள் சேர்ந்த ஒன்பதாம் வட்டத்தின் (சர்க்யூட்) கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், அது தெற்கு டகோட்டாவின் குடிமகன் மட்டுமே என்றது. எட்டாம் வட்ட நீதிமன்றம் 2011-இலேயே அந்த முடிவுக்கு வந்திருந்தது.

என் கருத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2006 தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். எந்த நீதிமன்றம் என்பது வழக்கின் முதல் நாளே, ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கிளைகளை எண்ணி, கிளை எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று தோண்டத் தொடங்கினால் வாசலைத் தேடுவதிலேயே வழக்கு முடிந்துபோகும். ஆனால் அந்த ஒரு வரியை எழுதுவது வங்கி. அது எங்கே இருக்கிறது என்று கடன் வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. கையெழுத்துப் போடும் நாளில் 'எங்கள் தலைமை அலுவலகம் இந்த மாநிலத்தில்' என்று முதல் பக்கத்தில் அச்சிட எவ்வளவு மை செலவாகும்?

இனி உங்கள் தங்கைக்கு. வழக்கு ஆவணம் வங்கியின் கைக்குப் போன நாளிலிருந்து 30 நாளுக்குள் வங்கி மாற்றியிருக்க வேண்டும்; மூன்று வாரம் என்கிறீர்கள், ஆகவே அந்தப் பிடி இல்லை. தொகை 75,000 டாலரைத் தாண்டுகிறதா என்று கேட்கலாம். ஏலத்தை நிறுத்தக் கேட்கும் வழக்கில் பெரும்பாலும் வீட்டின் மதிப்பையே தொகையாகக் கொள்வார்கள். எனவே அதிலும் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். மாற்றியதில் நடைமுறைக் குறை ஏதாவது இருந்தால், மாற்றிய நாளிலிருந்து 30 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். விசாரிக்க அதிகாரமே இல்லை என்ற ஆட்சேபத்துக்கு மட்டும் காலக்கெடு இல்லை. தவணைகளை வாங்கிக் கணக்கு வைத்த உள்ளூர் நிறுவனம் ஏதாவது உண்டா, அது டெக்சாஸ் நிறுவனமா, அதன் மீது உண்மையிலேயே குற்றம் இருக்கிறதா என்று அவளுடைய வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு டெக்சாஸ் பிரதிவாதி இருந்தால், மேலே சொன்ன 1806 கட்டின்படி கூட்டரசு நீதிமன்றக் கதவு மூடிக்கொள்ளும். உண்மையில் என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். கதவை அடைப்பதற்காக மட்டும் ஒரு பெயரைச் சேர்த்தால் நீதிமன்றம் அதை ஒதுக்கிவிடும்.

கேள்வி: எந்த நீதிமன்றமாக இருந்தால் என்ன? சட்டம் ஒன்றுதானே?
— ஒரு வாசகர், ஈசூன்

பதில்: சட்டம் ஒன்றுதான். 1938-இலிருந்து, இத்தகைய வழக்கில் கூட்டரசு நீதிமன்றமும் மாநிலச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும். ஆனால் களம் வேறு. டெக்சாஸ் மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்கென்றால் 12 நடுவர்களில் 10 பேர் ஒத்துப்போனால் தீர்ப்பு. கூட்டரசு நீதிமன்றத்தில், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை, எல்லாரும் ஒத்துப்போக வேண்டும். நடுவர்களும் ஒரே ஊரிலிருந்து இல்லாமல் பரந்த பகுதியிலிருந்து வருவார்கள். ஒருவரை இணங்க வைக்காமல் இருந்தாலே வங்கிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. வங்கிகள் இந்த மாற்றத்துக்காகப் பணம் செலவழிப்பது காரணமில்லாமல் இல்லை.

நமக்கு இந்தத் தலைவலி இல்லை. இங்கே ஒரே வரிசை நீதிமன்றம். தொகையைப் பார்த்துப் படி மாறுகிறது. 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வரை மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். நீங்கள் பாசிர் ரிஸ்காரரா பூன் லேக்காரரா என்று எவரும் கேட்பதில்லை.

கேள்வி: அமெரிக்க வங்கியிடமிருந்து வந்த கடிதத்தில் பெயருக்குப் பின்னால் 'என்.ஏ.' என்று இருக்கிறது. படிவங்களில் 'பொருந்தாது' என்பதற்குப் போடும் எழுத்துகளாயிற்றே?
— ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: இங்கே அதற்குத் தேசியச் சங்கம் என்று பொருள். அந்த வங்கி கூட்டரசின் உரிமம் பெற்றது என்பதன் அடையாளம். மேலே செங்காங் வாசகிக்குச் சொன்ன ஒற்றை ஊர்க் கணக்கு இந்த இரண்டு எழுத்து உள்ள வங்கிகளுக்கு. இல்லாவிட்டால் மாநில வங்கியாக இருக்கலாம். அப்போது இரண்டு ஊரையும் பார்க்க வேண்டும். தேசிய வங்கிகளுக்கு உரிமம் கொடுக்கும் நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் வங்கிகளின் பட்டியலை நகரத்தோடும் மாநிலத்தோடும் வெளியிடுகிறது. இலவசமாகப் பார்க்கலாம். சிட்டிபேங்க்குக்கு அது சூ ஃபால்ஸ், ஜேபி மோர்கன் சேஸுக்கு ஓஹையோவின் கொலம்பஸ், பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்குச் சார்லட். நியூயார்க்கின் வானளாவும் கட்டடத்தில் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தபோது அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன். சிங்கப்பூருக்குக் குடிவந்து ஒன்பது ஆண்டுகள். இனி இங்கேதான். அங்கே இருக்கும் வங்கி என் சேமிப்புக் கணக்கிலிருந்து பெரிய தொகையைத் தவறாக எடுத்துவிட்டது. நான் நியாயமாக நடக்கும் கூட்டரசு நீதிமன்றத்துக்கே நேராகப் போகலாமா?
— ஒரு வாசகர், புக்கிட் தீமா

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதில் உங்களுக்குக் கசக்கும்: குடியுரிமை வேறுபாட்டைக் காட்டி நீங்கள் உள்ளே போக முடியாது.

காரணத்தைப் பாருங்கள். இந்தக் கதவுக்கு இரண்டு வகைச் சாவிதான் உண்டு. ஒன்று, ஒரு மாநிலத்தின் குடிமகனாக இருப்பது. மற்றது, வெளிநாட்டின் குடிமகனாக இருப்பது. நீங்கள் அமெரிக்கக் குடிமகன், எனவே வெளிநாட்டவர் இல்லை. உங்கள் நிலையான வசிப்பிடம் சிங்கப்பூர், எனவே எந்த மாநிலத்தின் குடிமகனும் இல்லை. கடவுச்சீட்டு கையில் இருந்தும் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் ஊர் இல்லாதவர். 1989-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் பிரதிவாதிகளில் ஒருவர் வெனிசுவேலாவின் கராக்காஸ் நகரில் குடியேறிய அமெரிக்கர். அவர் ஒருவர் இருந்ததாலேயே வழக்கு முழுவதும் ஆட்டம் கண்டது. அவரை வழக்கிலிருந்து நீக்கித்தான் மற்றதைக் காப்பாற்றினார்கள். உங்கள் வழக்கில் ஒரே வாதி நீங்கள். உங்களை நீக்கினால் மிஞ்ச ஒன்றும் இல்லை.

அதற்காக வழி அடைபட்டதாக நினைக்க வேண்டாம். மாநில நீதிமன்றம் திறந்தே இருக்கிறது. இன்னொரு வாசலும் உண்டு. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின்கீழ் உருவான வங்கி ஒன்று தரப்பாக இருந்து, வழக்கு வெளிநாட்டு வங்கிப் பரிவர்த்தனையிலிருந்து எழுந்தால், யார் எந்த ஊர் என்று பாராமல் கூட்டரசு நீதிமன்றம் விசாரிக்க 1933-இல் ஒரு சட்டம் வந்தது. பிரதிவாதியான வங்கி, விசாரணை தொடங்கும் முன் எப்போது வேண்டுமானாலும் அதைக் காட்டி வழக்கை மாற்றலாம். உங்கள் பணம் சிங்கப்பூர்க் கணக்குக்குப் போகும் வழியில் தவறியதா, அங்கேயே உள்கணக்கில் தவறியதா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. பணம் அனுப்பிய தாள்களை வைத்து முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: கலிஃபோர்னியாவில் உறவினர் வீட்டு முகவரியைப் போட்டு உள்ளே நுழைந்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்தக் குறை எந்தக் கட்டத்தில் வெளிவந்தாலும் வழக்கு கவிழும். 1804-இலேயே, தோற்ற வாதி ஒருவர், 'வெவ்வேறு மாநிலத்தவர் என்று நானே என் மனுவில் சொல்லவில்லையே' என்று காட்டித் தனக்கு எதிரான தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் ரத்துச் செய்ய வைத்தார். தன் தவற்றைக் காட்டியே தப்பினார். வென்ற பிறகு உங்கள் எதிரி அதையே செய்தால், மூன்று ஆண்டு உழைப்பும் செலவும் போய்விடும்.

கேள்வி: மகன் சிங்கப்பூர்க் குடிமகன், சான் ஹோசேவில் பணி விசாவில் இருக்கிறான். பச்சை அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறான். கிடைத்தால் அவனுடைய வழக்குரிமை குறையுமா?
— ஒரு வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள். பணி விசாவில் இருக்கும்வரை அவர் வெளிநாட்டுக் குடிமகன். அமெரிக்க வங்கிக்கு எதிராக, தொகை போதுமானால், கூட்டரசு நீதிமன்றம் போகலாம். பச்சை அட்டை கிடைத்து நிரந்தரவாசி ஆனபின் ஒரே ஒரு விதிவிலக்கு: அவர் நிலையாக வசிக்கும் மாநிலமும் எதிர்த்தரப்பின் மாநிலமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இங்கேதான் வங்கியின் ஒற்றை ஊர் உங்கள் மகனுக்கு உதவுகிறது. தலைமை அலுவலகம் தெற்கு டகோட்டாவில் உள்ள வங்கிக்குக் கலிஃபோர்னியாவில் எத்தனை நூறு கிளை இருந்தாலும், சான் ஹோசே நிரந்தரவாசிக்குக் கதவு திறந்தே இருக்கும். அவர் சூ ஃபால்ஸில் வீடு வாங்கிக் குடியேறினால் மட்டும் யோசிக்க வேண்டும். ஊர்க் கணக்கை வழக்குத் தொடுக்கும் நாளில் பார்ப்பார்கள். வங்கி மாற்றினால் மாற்றும் நாளிலும் பார்ப்பார்கள்.

கேள்வி: சிங்கப்பூர் வங்கி ஒன்றின் நியூயார்க் கிளையோடு எனக்குத் தகராறு. நான் இங்கே நிரந்தரவாசி, இந்தியக் கடவுச்சீட்டு. நியூயார்க்கில் கூட்டரசு நீதிமன்றம் போகலாமா?
— ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: குடியுரிமை வேறுபாட்டை வைத்துப் போக முடியாது. நீங்களும் வெளிநாட்டவர், வங்கியும் வெளிநாட்டு நிறுவனம். ஒருவர் இந்தியா, ஒருவர் சிங்கப்பூர் என்பதால் வேறுபாடு வந்துவிட்டதாக அந்தச் சட்டம் கருதாது. இரு பக்கமும் அயலார் என்றால் கதவு மூடல் என்பது 1809-இலிருந்து இருக்கும் நிலை. கிளை நியூயார்க்கில் இருக்கிறது என்பது இதை மாற்றாது, ஏனென்றால் கிளை தனி ஆள் இல்லை; தாய் வங்கியின் ஒரு கை. நியூயார்க் மாநில நீதிமன்றமோ, சிங்கப்பூர் நீதிமன்றமோ, இரண்டில் எது என்று உங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதியிருக்கும்.

கிளையா, தனி நிறுவனமா என்று பார்க்கச் சொல்வதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. இங்கே வெளிநாட்டு வங்கிகள் சில, தனிநபர் வங்கிச் சேவையை உள்ளூரில் பதிவு செய்த நிறுவனத்துக்கு மாற்றிவிட்டன. சிட்டிபேங்க் சிங்கப்பூர் லிமிடெட் ஒரு நிறுவனம், சிட்டிபேங்க் என்.ஏ.-யின் சிங்கப்பூர்க் கிளை இன்னொன்று. எச்எஸ்பிசி, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், மேபேங்க் ஆகியவற்றுக்கும் உள்ளூரில் பதிவான நிறுவனம் உண்டு. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு மூதாட்டியின் வைப்புத்தொகை வழக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. வங்கியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர் கொண்டுவந்த சேமிப்புப் புத்தகத்தில் பழைய பெயர். பழைய பெயரிலேயே, கிளையின் மீதே வழக்கைத் தாக்கல் செய்துவிட்டார்கள். தட்டச்சு செய்தது நான். கணக்கு அதற்கு முந்தைய ஆண்டே புதிய நிறுவனத்துக்குப் போயிருந்தது. அறிவிப்புக் கடிதமும் அந்த அம்மாவின் பையிலேயே, பிரிக்காத உறையில் இருந்தது. எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டி, பெயரைத் திருத்தி, மறுபடி கொடுத்து, வழக்கு நகர நான்கு மாதம் ஆனது. ஒவ்வொரு தேதிக்கும் அவர் தேக்காவிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார். 'இன்னும் அதே வங்கிதானே, அம்மா?' என்று என்னிடம் கேட்பார்.

அதற்குப் பிறகு வங்கிக் கோப்பு எது வந்தாலும், கட்சிக்காரர் சொல்லும் கதையைக் கேட்பதற்கு முன்பே, கடைசியாக வந்த மூன்று கடிதங்களின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் பெயரையும் பதிவு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கோப்பின் முதல் பக்கமாக வைத்துவிடுவேன். உட்லண்ட்ஸ் வாசகரே, உங்கள் கடிதத்தோடு வங்கியின் கடித உறையை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். கடிதத்தின் அடிப்பகுதியையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஒப்பந்தம் நியூயார்க் கிளையோடா, அங்கே தனியாகப் பதிவான நிறுவனத்தோடா என்று பார்த்துவிட்டு அடுத்த மாதம் மீதியை எழுதுகிறேன்.